மறுத்த காசும் மயக்கிய காசும்

வடாலாவில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு பெரியவர் வாழ்கிறார். துறைமுகத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதால் எங்கள் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. ஊர்க் கோயில் கொடைக்குச் சென்று திரும்பிய அவர், ஒரு மாலையில் என் வீட்டுக்கு வந்து, மேசையின்மீது பன்னிரண்டு பத்து ரூபாய் நாணயங்களை வரிசையாக அடுக்கினார்.

“தம்பி, இவையெல்லாம் போலியாம். ஊரில் பேருந்திலும் வாங்க மறுத்துவிட்டார்கள், கடையிலும் மறுத்துவிட்டார்கள். இங்கேயாவது செல்லுமா?” என்றார்.

எங்கும் செல்லும் என்றேன். நிம்மதி அடைந்தவர், சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்திருந்த மற்றொரு காசை எடுத்தார். செம்பு நிறம். ஒரு புறம் இராமர் பட்டாபிஷேகக் காட்சி. மறுபுறம் ஆங்கில எழுத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், ஒரு அணா என்ற மதிப்பு, 1818 என்ற ஆண்டு. அதற்கு 25 இலட்சம் ரூபாய் தருவதாக ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். பதிவுக் கட்டணமாக அண்ணாச்சி 1,250 ரூபாய் அனுப்பிவிட்டார். மறுநாள் வரிக்காக 18,500 ரூபாய் அனுப்ப வேண்டும். அந்தத் தொகையைத் தம் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து எடுப்பதற்கு முன்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வந்திருந்தார்.

மேசையில் இருந்த பதின்மூன்று காசுகளில் பன்னிரண்டு அரசு வெளியிட்டவை. ஒன்று போலி. உண்மையான பன்னிரண்டையும் அவர் ஐயுற்றார். போலியான ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து காத்திருந்தார்.

இதை ஒரு முதியவரின் அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. நாம் பலரும் இப்படித்தான் இருக்கிறோம். கையில் புழங்கும் காசை உற்றுப் பார்ப்பதில்லை. அதனால் காசைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறோம். ஒரு காசு எது, அதன் மதிப்பு என்ன என்பவற்றுக்கு முதல் சாட்சி அந்தக் காசேயன்றி, அதை விற்க வருபவரின் சொல் அன்று. பழங்காசு சேகரிப்பில் இறங்குவோரும், வீட்டுப் பெட்டியில் கிடைத்த காசை விற்க எண்ணுவோரும் மனத்தில் இருத்த வேண்டிய முதல் பாடம் இதுவே என்பது என் கருத்து.

வேறுபாடு குற்றமன்று

பத்து ரூபாய் நாணயத்தின் கதையை முதலில் பார்ப்போம். ஒன்றில் ரூபாய்க் குறியீடு இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. ஒன்றில் பத்துக் கதிர்கள், மற்றொன்றில் பதினைந்து. இந்த வேறுபாட்டைக் கண்டவர்கள் “இரண்டில் ஒன்று போலி” என்று முடிவு கட்டினார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்த வதந்தியே நடைமுறை ஆயிற்று. இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று வெளியிட்ட அறிக்கையில், அதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயங்கள் வெளியிடப்பட்டுள்ளன என்றும், அவை அனைத்தும் செல்லும் என்றும் தெளிவுபடுத்தியது. வடிவம் மாறியதற்குக் காரணம் எளியது. புதிய ரூபாய்க் குறியீடு 2010இல் ஏற்கப்பட்டது. 2011 முதல் அது நாணயங்களில் இடம்பெற்றது. இடையிடையே நினைவு நாணயங்களும் வந்தன.

நாணயங்களில் வகைமாறுபாடு என்பது இயல்பான ஒன்று. இன்று இந்தியாவில் மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அரசு நாணயச்சாலைகள் உள்ளன. ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். வைரம் போன்ற சாய்சதுரம் இருந்தால் அது மும்பையில் அடிக்கப்பட்டது. விண்மீன் இருந்தால் ஹைதராபாத். சிறு வட்டப்புள்ளி இருந்தால் நொய்டா. குறி எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. உங்கள் பணப்பையில் உள்ள சில்லறையிலேயே இந்த நான்கையும் ஒரு வாரத்தில் தேடி எடுத்துவிடலாம். செலவில்லாத இந்த விளையாட்டே சேகரிப்பின் முதல் வகுப்பு.

பழைய காசுகளில் இத்தகைய வேறுபாடுகள் இன்னும் சுவையானவை. 1840 என்று ஆண்டிட்ட விக்டோரியா ரூபாயை எடுத்துக்கொள்வோம். ஒரு வகையில் அரசியின் பெயர் தலையைச் சுற்றி ஒரே தொடராக ஓடுகிறது. மற்றொரு வகையில் தலைக்கு இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இரண்டும் உண்மையானவை. அடுத்து 1862 ரூபாய். அதன்பின் பல ஆண்டுகள் அடிக்கப்பட்ட ரூபாய்களும் 1862 என்ற அதே ஆண்டையே தாங்கி வந்தன. 1874இல்தான் மீண்டும் நடப்பு ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நம் பம்பாய் நாணயச்சாலை, அச்சில் நுண்ணிய புள்ளிகளைச் சேர்த்தது. அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் கொண்டு சேகரிப்பாளர்கள் இன்றும் வகை பிரிக்கிறார்கள். வெறுங்கண்ணுக்கு அழுக்கு போலத் தெரியும் ஒரு புள்ளி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒரு வரலாற்றுக் குறிப்பாக மாறிவிடுகிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லா வேறுபாடும் வகைமாறுபாடு ஆகாது. நாணயச்சாலையின் அச்சிலேயே இருந்த வேறுபாடுதான் வகைமாறுபாடு. அச்சிடும்போது நேர்ந்த தவறு பிழை நாணயம். அதன்பின் சுத்தியலால், அமிலத்தால், அரத்தால் நேர்ந்தது வெறும் சேதம். மூன்றாவதை முதலாவதாகவும் இரண்டாவதாகவும் விற்பது இன்று ஒரு தொழிலாகவே நடக்கிறது. இரண்டு நாணயங்களைப் பாதியாகக் கடைந்து ஒட்டி, பூவா தலையா போட்டால் எப்போதும் தலையே விழும் காசை உருவாக்கி, அதை நாணயச்சாலையின் பிழை என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அதன் விளிம்பை நன்றாகப் பார்த்தால் ஒட்டிய கோடு தெரியும்.

முதுமை வேறு, அருமை வேறு

‘பழையது என்றால் விலை மிகுந்தது’ என்பது நம் மனத்தில் ஆழப் பதிந்த எண்ணம். காசின் உலகில் அது பெரும்பாலும் பொய்க்கிறது. விலையை முடிவு செய்பவை மூன்று: எத்தனை எஞ்சியுள்ளன, எந்த நிலையில் உள்ளன, எத்தனை பேர் தேடுகிறார்கள்.

நம் பாட்டிமார்களின் சுருக்குப் பையில் இருந்த ஓட்டைக் காலணாவை நினைத்துப் பாருங்கள். உலகப் போர்க் காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த 1943 முதல் 1947 வரை நடுவில் துளையிட்டு அடிக்கப்பட்ட காசு அது. அடித்தவை கோடிக்கணக்கில். ஆகவே வீட்டுக்கு வீடு கிடந்தது, இன்றும் கிடக்கிறது. 25 பைசாவும் அதற்குக் குறைந்த மதிப்புள்ள காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆயின. செல்லாமற் போனதால் அவை அரியவை ஆகிவிடவில்லை. ஆனால் விளம்பரங்களில் இவற்றுக்கு இலட்சங்கள் கேட்கப்படுகின்றன. ஸ்ரீ மாதா வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவை ஒட்டி 2012ஆம் ஆண்டைப் பொறித்து வெளிவந்த ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களுக்கும் இதே கதைதான். அவை இன்றும் சட்டப்படி செல்லும் பணம். கடையில் கொடுத்தால் ஐந்து ரூபாய்க்கு ஐந்து ரூபாய்ப் பண்டம் கிடைக்கும். சில்லறைத் தட்டுப்பாட்டுக் காலங்களில் பிரிட்டன், கனடா, தென் கொரியா போன்ற நாடுகளில் அடித்து வரவழைத்த நாணயங்களையும் ‘வெளிநாட்டுக் குறி’ என்று சொல்லி விலையேற்றுகிறார்கள். தட்டுப்பாட்டைத் தீர்க்க வந்த காசு எப்படி அரிதாக இருக்கும் என்று ஒரு கணம் எண்ணினாலே போதும், மயக்கம் தெளிந்துவிடும்.

அப்படியானால் உண்மையில் அரியவை எவை? ஓர் எடுத்துக்காட்டு 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். மன்னரின் மேலங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு சிறு யானை உண்டு. அதன் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றி போலத் தோன்றியது. மக்களிடையே, சிறப்பாக இசுலாமியரிடையே, மனவருத்தம் எழுந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடித்த ஏறத்தாழ 94 இலட்சம் ரூபாய்களில் சுமார் 7 இலட்சமே வெளியே வந்திருந்தன. எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912 முதல் துதிக்கையைத் திருத்திய அச்சு வந்தது. ‘பன்றி ரூபாய்’ என்று பெயர் பெற்ற அந்த 1911 காசு அரிதானதற்குக் காரணம் அதன் வயது அன்று, அது உருக்கப்பட்டதே. அதைவிட எழுபது ஆண்டு மூத்த 1840 ரூபாய் அதைக் காட்டிலும் எளிதாகக் கிடைக்கிறது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பன்றி ரூபாய்க்குக்கூட, சாதாரண நிலையில், விளம்பரங்கள் காட்டும் இலட்சங்கள் கிடைப்பதில்லை.

காசைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம்

காசைப் பேசவைக்கச் சில எளிய கருவிகள் போதும்: நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு, உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு குவளை நீர்.

முதலில் எடை. 1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். அதுவே ஒரு தோலா. நாட்டு மருந்துச் சீட்டில் ‘ஒரு ரூபாய் எடை’ என்று எழுதும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. சுத்த வெள்ளி ஏறத்தாழ 10.69 கிராம். தேய்ந்த காசு சற்றுக் குறைவாக இருக்கலாம். 10 கிராமோ 13 கிராமோ காட்டினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

எடையைப் போலிக்காரரும் சரிசெய்ய முடியும். ஆகவே அடுத்தது நீர்ச் சோதனை. தராசில் நீர்க்குவளையை வைத்து, அளவைச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுதும் தொங்கவிடுங்கள். தராசு இப்போது ஓர் எண்ணைக் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால், மேலே சொன்ன வெள்ளி ரூபாய்க்கு விடை 10.3 அளவில் வர வேண்டும். பித்தளை என்றால் 8.5 அளவிலும், செம்பு-நிக்கல் கலவை என்றால் 8.9 அளவிலும் வரும். வெள்ளி முலாம் கண்ணை ஏமாற்றலாம், நீரை ஏமாற்ற இயலாது.

மூன்றாவது காந்தம். வெள்ளி ரூபாய் காந்தத்தில் ஒட்டக் கூடாது. ஆனால் புலி உருவம் கொண்ட 1947ஆம் ஆண்டு ரூபாய் கட்டாயம் ஒட்ட வேண்டும். அது நிக்கலால் ஆனது. ‘ஒட்டினால் போலி’ என்று ஒரே விதியைக் கற்றுக்கொண்டவர், நல்ல 1947 ரூபாயைத் தூக்கி எறிந்துவிடுவார். எந்தக் காசிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது விளிம்பு. இதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. ஆறாம் ஜார்ஜ் காலத்து 1939 ரூபாய் மிக அரிது. அதற்கு முந்திய 1938 ரூபாயும், பிந்திய 1940களின் ரூபாய்களும் எளிதில் கிடைக்கும். கடைசி எண்களைச் செதுக்கி 1939 என்று மாற்றுவது கைவேலை தெரிந்தவருக்குக் கடினமன்று. ஆனால் 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டு, விளிம்பும் மாற்றப்பட்டது. வெறும் செங்குத்து வரிகளுக்குப் பதிலாக, வரிகளின் நடுவே பள்ளமான வேலைப்பாடு கொண்ட பாதுகாப்பு விளிம்பு வந்தது. அந்த விளிம்போடு ஒரு 1939 ரூபாய் வருமானால் அது தன் வாயாலேயே பொய்யை ஒப்புக்கொள்கிறது. 1938இலிருந்து மாற்றியதை விளிம்பு காட்டிக் கொடுக்காது. அதற்குக் கடைசி எண்ணைச் சுற்றியுள்ள பரப்பை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். செதுக்கிய தடமும், பிற எண்களோடு பொருந்தாத உயரமும் தெரியும். வார்ப்புப் போலிகளில் எழுத்தின் ஓரங்கள் சோப்புக்கட்டி போல மழுங்கியும், பரப்பில் நுண்ணிய குமிழ்க்குழிகளோடும் இருக்கும்.

இப்போது அண்ணாச்சியின் காசுக்கு வருவோம். கம்பெனி நாணயங்களில் தெய்வ உருவமே இருந்ததில்லை என்று சொல்லி அதை ஒதுக்கிவிட முடியாது. சென்னையில் கம்பெனி அடித்த வராகனில் கோபுரமும் திருமாலும் உண்டு. இந்தப் பாதி உண்மைதான் போலிக்குத் துணை. மற்றச் சான்றுகளைப் பாருங்கள். அவருடைய காசில் கம்பெனியின் பெயரோடு ‘யு.கே.எல்.’ என்ற எழுத்துகள் இருந்தன. எந்தக் கம்பெனி நாணயத்திலும் அவை இல்லை. 1835இல் தொடங்கிய சீரான நாணயமுறையில் ஒரு அணாவுக்கென நாணயம் வந்தது 1907இல்தான். அக்காலத்துப் பம்பாய்ச் செப்புக் காசுகளில் ஒரு புறம் கம்பெனியின் வணிகக் குறியும் மறுபுறம் தராசும் இருக்கும். பட்டாபிஷேகக் காட்சி இராது. கோயில்களில் பக்தர்களுக்காக இராமர் உருவம் பொறித்த வில்லைகள் செய்யும் மரபு வடநாட்டில் உண்டு. அவை வழிபாட்டுப் பொருள்கள், பணம் அல்ல. அந்த வில்லையின் உருவத்தையும் கம்பெனியின் பெயரையும் ஒட்டவைத்துப் பிற்காலத்தில் செய்த கற்பனைப் பொருள்தான் இவ்வகைக் காசு. அசலே இல்லாத ஒன்றின் நகல் அது.

இத்தகைய காசுகளைச் சுற்றித்தான் ‘அரிசியை இழுக்கும் காசு’, ‘இரிடியம் கலந்த காசு’ என்ற கட்டுக்கதைகளும் தமிழ்நாட்டில் உலவுகின்றன. அரிசியை இழுக்கும் ஆற்றல் எந்த உலோகத்துக்கும் இல்லை. அந்தப் பேச்சு எழுந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை.

விளம்பரத்தை வாசிக்கும் முறை

இணையத்தில் வரும் விற்பனை விளம்பரங்களில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டதையே முதலில் தேட வேண்டும். எடை இருக்கிறதா? விளிம்பின் படம் உண்டா? இரண்டு புறங்களும் தெளிவாகத் தெரிகின்றனவா? நாணயச்சாலைக் குறி சொல்லப்பட்டிருக்கிறதா? திருப்பி அனுப்பும் உரிமை உண்டா? இவற்றுக்கு விடையின்றி ‘மிக அரிது’, ‘அதிர்ஷ்டக் காசு’, ‘கடைசி வாய்ப்பு’ என்ற சொற்கள் மட்டும் நிறைந்திருந்தால் அங்கே விற்கப்படுவது சொற்களே.

இரண்டாவது, கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஓட்டைக் காலணாவுக்கு ஒருவர் ஐந்து இலட்சம் என்று விலை எழுதி வைக்கலாம். எழுதுவதற்குக் கட்டணம் இல்லை. அதைப் பார்த்து நாமும் நம் காசுக்கு ஐந்து இலட்சம் என்று மதிப்பிடுவது, மாட்டுங்காவில் ஒருவர் தம் வீட்டுக்கு நூறு கோடி கேட்கிறார் என்பதற்காக நம் வீட்டுக்கும் நூறு கோடி என்று கணக்கெழுதுவது போன்றது. முறையான ஏலங்களில் உண்மையில் கைமாறிய விலையே விலை. வெள்ளிக் காசு என்றால் அன்றைய வெள்ளி விலையை 10.69 கிராமால் பெருக்கி வரும் தொகை ஓர் அடிப்படை. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் விற்பவர் காரணம் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. விற்பவர் பணம் பெறுவார், வாங்குபவர் பணம் தருவார். உலகில் எல்லாச் சந்தைகளிலும் இதுவே முறை. நம் காசை வாங்குவதாகச் சொல்பவர் நம்மிடமே பதிவுக் கட்டணம், வரி, காப்பீடு, தரகு என்று கேட்பாரானால் அங்கே வாங்குபவரே இல்லை. இந்த மோசடியில் ரிசர்வ் வங்கியின் பெயரும் முத்திரையும் பயன்படுத்தப்படுவதை அறிந்து, அவ்வங்கி 2021 ஆகஸ்ட் 4 அன்று பொதுமக்களை எச்சரித்தது. பழைய நோட்டுகளையும் காசுகளையும் வாங்கி விற்கும் செயலில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காகக் கட்டணமோ தரகோ எவரிடமும் கேட்பதில்லை என்றும் அது அறிவித்தது. யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை இடவேண்டிய தேவை இல்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். எண்ணை இட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியேறும்.

‘வெளிநாட்டு வாடிக்கையாளர் காத்திருக்கிறார்’ என்ற தூண்டிலும் உண்டு. நூறு ஆண்டுகளைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது. நிலத்தில் புதையலாகக் கிடைத்தவற்றை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் நடப்பில் உள்ள சட்டம். சட்டம் தடுப்பதைச் செய்து தருவதாகச் சொல்பவர், நாளை நம்மையே சட்டத்தின் பெயரால் மிரட்டுவார்.

யார் என்ன செய்யலாம்

சிறு தொகைகளில் நடக்கும் பொழுதுபோக்குக்கு இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று சிலர் கேட்கலாம். நூறு ரூபாய்க்கு ஒரு போலியை வாங்கி ஏமாந்தால் அது பாடத்துக்குக் கொடுத்த கட்டணம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் போலியால் முதலில் நசிபவர்கள் நேர்மையான வணிகர்கள். ‘எடை இது, குறை இது, விலை இது’ என்று எழுதுபவரின் விளம்பரம், ‘கோடி ரூபாய்க் காசு’ என்று கூவுபவரின் அருகில் கவனிக்கப்படாமல் போகிறது. அதன் பின்னால் வருவதுதான் கட்டண மோசடி. அதில் போவது நூறு ரூபாய் அன்று.

எனவே, நாணயங்களை விற்க இடம் தரும் இணையச் சந்தைகள் எடை, இருபுறப் படம், விளிம்புப் படம் ஆகிய மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். நகலை நகல் என்று சொல்லி விற்பதில் தவறில்லை. அந்தச் சொல் காசின்மீதே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கிக் கிளைகள் ரிசர்வ் வங்கியின் இவ்விரு அறிவிப்புகளையும் வாடிக்கையாளரின் மொழியில் முகப்பில் ஒட்டிவைக்கலாம். தாராவியிலும் செம்பூரிலும் வடாலாவிலும் உள்ள கிளைகளில் அவை தமிழிலும் இருந்தால், அண்ணாச்சியைப் போன்றவர்கள் தொலைபேசியில் பேசும் அயலாரை நம்புமுன் சுவரையாவது ஒருமுறை பார்ப்பார்கள்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சேகரிப்பை முதலீடாக எண்ணித் தொடங்காதீர்கள். முதலில் ஒரு நாணய நூற்பட்டியலை வாங்குங்கள், பிறகு காசை வாங்குங்கள். பழங்காசைப் புளியிட்டுத் துலக்காதீர்கள். பூசைப் பாத்திரத்துக்கு அது அழகு, காசுக்கு அது அழிவு. நாட்பட்ட மேற்பூச்சைத் தேய்த்து எடுத்தவுடன் காசின் மதிப்பு சரிந்துவிடும்.

பார்க்கப் பழகுவதற்கு நம் ஊரிலேயே நல்ல இடம் இருக்கிறது. வடாலா ரோடு நிலையத்தில் துறைமுக வழித்தட வண்டியில் ஏறி, கடைசி நிலையத்தில் இறங்கி, கோட்டைப் பகுதிக்கு நடந்து செல்லுங்கள். நாணயச்சாலை அங்கேதான் இருக்கிறது. சர் பிரோஸ்ஷா மேத்தா சாலையில், 2004இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகமும் இருக்கிறது. உண்மையான கம்பெனிக் காசு எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணாரக் கண்டவரை எளிதில் ஏமாற்ற இயலாது.

சேகரிப்பில் கிடைக்கும் உண்மையான செல்வம் என்ன என்பதற்குத் தமிழகமே சான்று. தினமலர் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி, 1980களில் ஒரு சிறு செப்புக் காசில் ‘பெருவழுதி’ என்ற தமிழிப் பொறிப்பை இனங்கண்டு வெளியிட்டார். சங்கப் பாடல்களில் மட்டும் அறிந்திருந்த ஒரு பாண்டியப் பெயர், காசில் எழுந்து நின்றது. நம் பழங்காசு ஆய்வுக்கு அது பெருந்துணை ஆயிற்று. பலர் கையில் அழுக்குச் செம்பாகக் கடந்துபோகும் காசு, ஊன்றிப் பார்த்த ஒருவரிடம் பேசியது.

அண்ணாச்சி 18,500 ரூபாயை அனுப்பவில்லை. அன்றிரவே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தோம். முன்பு அனுப்பிய 1,250 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. பத்து ரூபாய் நாணயங்கள் பன்னிரண்டும் வடாலாக் காய்கறிக் கடைகளில் ஒரே வாரத்தில் செலவாகிவிட்டன. 1818 காசு இப்போது அவர் வீட்டுப் பூசை மாடத்தில் இருக்கிறது.

“விலை இல்லையென்றால் என்ன தம்பி, இராமர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்றார். அது அந்தக் காசுக்கு உரிய இடம்தான்.